கறுப்பு வண்டியில் மூன்று கோடுகள்

கறுப்பு வண்டியைக் கீறல் விழாமல் கழுவுவது எப்படி என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் நான் சொல்லி முடிக்கும்வரை நிற்பதில்லை. "தண்ணிய ஊத்தித் தொடைக்கிறதுக்கு இவ்வளவு கதையா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்குக் கதையாகத்தான் சொல்ல வரும். பள்ளிக்கூடம் போனவனில்லை நான். கடையில் சாமான் மடித்துக் கொடுத்த காகிதங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்ததில் வந்த எழுத்து இது. மீதியெல்லாம் ஜனங்கள் பேசக் கேட்டுச் சேர்த்து வைத்தது. முகங்கள் மங்கிப் போய்விட்டன. யார் எந்த நேரத்தில் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. மலாயாவில், லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். முதலில் நானும் என் வீட்டுக்காரியும் பால் மரம் வெட்டினோம், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தோம். பிறகு நான் துரையின் கார் டிரைவரானேன். அவள் வெட்டுக்காட்டிலேயே இருந்தாள். தோட்டத்து லாரிக்கு வேறொரு டிரைவர். என்னைவிட மூத்தவர். வாயைத் திறந்தால் கேலிதான். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

கார் தோட்டத்துடையது அல்ல, துரையின் சொந்தக் கார். கறுப்பு என்றால் சும்மா கறுப்பு இல்லை. பக்கத்தில் போய் நின்றால் நம் மூக்கும் மீசையும் அதில் தெரியும். லாரி அண்ணன் அதன் முன்னால் குனிந்து தலை சீவிக்கொண்டே, "துரை கார் வாங்கலடா. சலூன் கண்ணாடி வாங்கிட்டு வந்து அதுக்குச் சக்கரம் மாட்டியிருக்காரு" என்பார்.

அந்தப் பளபளப்பினால்தான் வம்பெல்லாம். வேறு நிறத்தில் மறைந்து போகிற கீறல், கறுப்பில் வெயில் பட்டதும் சிலந்தி நூல் மாதிரி எழுந்து நிற்கும். செம்மண் தூசி பார்வைக்குத்தான் மாவு. உள்ளே மணல் இருக்கிறது. காய்ந்த தூசியைத் துணியால் ஒரே இழுப்பு இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். அதனால் துடைக்கவே கூடாது. வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சின் மூடி கைக்குக் குளிர்ச்சியாகும்வரை விட்டுவிட வேண்டும். சூட்டோடு தண்ணீர் பட்டால் வட்டம் வட்டமாகக் கறை விழும். ஆறின பிறகு மேலிருந்து தண்ணீரை மெதுவாக ஒழுக விடுவேன். மண் ஊறித் தானாக இறங்க வேண்டும்; அதுவரை கை வைக்க மாட்டேன். பிறகு கடற்பஞ்சு. நனைக்க ஒரு வாளி, அழுக்கை அலச இன்னொரு வாளி. கூரையிலிருந்து கீழே வருவேன், கீழேயிருந்து மேலே போகவே மாட்டேன். சக்கரத்துத் துணி சக்கரத்தோடு சரி. கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படியும் என்று, பங்களாவின் தகரக் கூரையிலிருந்து தொட்டியில் விழும் மழைத் தண்ணீரைத்தான் எடுப்பேன். பித்தான் உரசும் என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். கடைசியாக ஈரத்தை ஒற்றி எடுக்க, துரை கொடுத்த மெத்தென்ற தோல் ஒன்று உண்டு. அது கை தவறித் தரையில் விழுந்தால், நன்றாக அலசிக் காயப்போடும்வரை அதைத் தொட மாட்டேன்.

என் வீட்டுக்காரி கொட்டகை வாசலில் நின்று பார்ப்பாள். "என் தலைய ஒரு நாளாவது இப்படித் தேச்சு விட்டிருக்கீங்களா? நீங்க அந்தக் காருக்குத்தான் புருசன். எனக்கு வாடகைக்கு வந்தவரு."

"நீயும் கறுப்புதான் புள்ள. ஆனா உன் மேல கீறல் விழுந்தா துரை என்னை வேலையை விட்டுத் தள்ள மாட்டாரே" என்பேன். சிரிப்பாள். அப்போது சிரிக்க முடிந்தது.

விலை விழ விழ, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேச்சுக் குறைந்தது. விடியற்காலையில் வரிசையாக நிற்கிறவர்களில் யார் யார் ஊருக்குப் போக வேண்டும் என்று கணக்கெழுதும் கிராணி படிப்பார். ரயிலேற்றி, கப்பலேற்றி, வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் வெட்டிய மரங்களை வெட்ட ஆள் கிடையாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. லாரி அண்ணன்கூடக் கேலியைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரிக்கு அப்போது ஏழு மாதம்.

அவளுக்குக் கப்பல் என்ற வார்த்தையே ஆகாது. முதல் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் இந்தச் சீமைக்கு வந்தோம். கடலில் அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி நிற்கவில்லை. பிள்ளை கப்பலிலேயே பிறந்து கப்பலிலேயே போயிற்று. எங்கே போட்டார்கள் என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு பல வருஷம் வயிறு திறக்கவில்லை. இப்போது தரித்திருக்கிறது, இப்போதுதான் பெயர் படிக்கிறார்கள். "என்னை வேணும்னா காட்டுல விட்டுட்டுப் போங்க. கிழங்கு தோண்டித் தின்னுக்கிறேன். கப்பல்ல மட்டும் ஏத்தாதீங்க" என்று சோறு போடும்போதும் சொல்வாள், தண்ணீர் எடுக்கும்போதும் சொல்வாள்.

ஒரு நாள் துரை என்னைக் கூப்பிட்டார். பால் மரத்துக்காரர்களோடு பேசிப் பேசி வந்த தமிழ் அவருடையது. நீ, வா, போ என்பதுதான் அதில் உண்டு.

"எனக்கும் சீட்டுக் கிழிச்சாச்சு. நானும் ஊருக்குப் போறேன்" என்றார். துரைக்கும் சீட்டுக் கிழியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "இந்தக் காரை விக்கணும். ஜொகூர் பாருவிலேருந்து ஒரு தவுக்கே, சீன முதலாளி, பாக்க வரான். அவனுக்கு டிரைவரும் வேணும். வண்டியைப் பாத்துத்தான் டிரைவரை எடுப்பான். வண்டி நல்லா இருந்தா நீ அதோட போ. இல்லேன்னா..." கையால் கடல் பக்கம் காட்டினார்.

அதை நான் வீட்டில் வந்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் எப்படிப் போயிருக்குமோ, தெரியாது. என் வீட்டுக்காரி அதைப் பக்கத்து லயத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையில் இருந்த ஒரு அக்காவிடம் சொன்னாள். அந்த அக்கா பெயரைப் படித்தாகிவிட்டது. போகிற நாளுக்காகக் காத்திருந்தாள். புருஷன் செத்துப் போனவள், தனிக்கட்டை. எங்களுக்குக் குழம்பு குறைந்தால் அவள் வீட்டிலிருந்துதான் வரும்.

"இந்த வருசம் ஆயுத பூசைக்கு அந்தக் காருக்கு என்ன செஞ்சாரு உன் புருசன்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

கேட்கவேண்டிய கேள்விதான். பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்தில் ஆயுத பூஜை என்றால் பால் கத்தி, வாளி, மண்வெட்டி, லாரி எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். லாரி அண்ணன் தன் லாரிக்குப் போடுகிற பட்டை மூன்று மைல் தூரத்துக்குத் தெரியும். ஆனால் துரையின் காரில் பூச்சு மேல் எதுவும் படக்கூடாது என்பது உத்தரவு. அதனால் சக்கரத்து ரப்பரில் மட்டும் ஒவ்வொரு பொட்டு வைத்துக் கும்பிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"டயருக்குப் பொட்டு வச்சா சாமி டயரத்தானே காப்பாத்தும்? உங்க சோறே அந்த வண்டிதானடி. நெத்தியில வைக்க வேண்டாமா?" என்றாளாம் அக்கா. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. தான் போகப் போகிறோம், இவளாவது இருக்கட்டும் என்ற எண்ணம்தான்.

தவுக்கே வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, துரையை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பினேன். மழை இல்லாத நாள். கார் முழுக்கச் சிவப்பு. வழக்கம்போலக் கொட்டகையில் விட்டு, மூடி ஆறட்டும் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தது. வாளியை நிரப்பி எடுக்க நேரமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரி வந்திருக்கிறாள். பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு, குளித்து, ஈரத் தலையோடு. எஞ்சின் மூடியில், நடுவில், மூன்று விரலால் விபூதியை நீளமாக இழுத்திருக்கிறாள். கும்பிட்டிருக்கிறாள். அவ்வளவோடு போயிருந்தால் நான் வந்து தண்ணீர் ஊற்றிப் போக்கியிருப்பேன், ஒன்றும் ஆகியிருக்காது. பங்களாப் பக்கம் நாய் குலைத்திருக்கிறது. துரை வந்துவிட்டார் என்று பதறிவிட்டாள். துரை ரயிலில் போனது அவளுக்குத் தெரியாது. முந்தானையை மூன்று விரலில் சுற்றிக்கொண்டு, போட்ட கோட்டின் மேலேயே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கறை போகிறவரை அழுத்தித் தேய்த்திருக்கிறாள். விபூதிக்குக் கீழே செம்மண், செம்மண்ணுக்குள்ளே மணல்.

நான் வாளியோடு வந்தபோது அவள் மூச்சு வாங்க நின்றாள். "ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல. எல்லாம் தொடச்சிட்டேன். சுத்தமா இருக்கு பாருங்க" என்றாள்.

சிவப்பு வண்டியில் மூன்று கறுப்புப் பட்டை. நிஜமாகவே சுத்தமாகத்தான் இருந்தது. மேலிருந்து தண்ணீரை ஒழுக விட்டேன். கழுவி, ஒற்றி எடுத்து, அவளைக் கொட்டகையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு வண்டியை வெயிலுக்குத் தள்ளினேன்.

மூன்று கோடு. மூடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நரைத்த மாதிரி.

அவளும் பின்னாலேயே வந்துவிட்டாள். அதைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. "இன்னும் போவலியா?" என்று மறுபடி முந்தானையை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பிடித்துவிட்டேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "நான்தான் ஏத்திட்டேன். நானே என்னைக் கப்பல்ல ஏத்திட்டேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திட்டலாம் என்றுதான் இருந்தது. எதைச் சொல்லித் திட்டுவது? கும்பிட்டதற்கா? அவளைத் தூக்கி நிறுத்தி, "வா புள்ள, வீட்டுக்குப் போ" என்றேன். அவள் போன பிறகு, துரையின் அலமாரியில் வண்டிக்கென்று வைத்திருந்த மெழுகை எடுத்து, பஞ்சில் துளி துளியாகத் தொட்டு, அன்றைக்கும் மறுநாளும் தேய்த்தேன். ஓரங்கள் கொஞ்சம் அடங்கின. நிழலில் தெரியவில்லை. வெயிலில் மூன்றும் அப்படியே கிடந்தன. இன்னும் தேய்த்தால் பூச்சு கழன்று தகரம் தெரியும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

துரை திரும்பி வந்ததும் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். என்ன ஆனது என்றார். சொன்னேன். யார் செய்தது என்றும் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துரைக்கு முகம் சிவந்தது. சத்தம் போடப் போகிறார் என்று பார்த்தேன். போடவில்லை. குனிந்து, விரலால் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கார் ஒன்றுதான் மிச்சம் என்று அப்போது நினைத்தேன்.

"தேங்காயெண்ணெய் போடு" என்றார்.

"எண்ணெ போட்டா இப்ப மறையும் துரை. அப்புறம் தூசி..."

"நாளைக்கு மறைஞ்சா போதும். போடு."

லாரி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "போடாட்டி துரை உன்னை அனுப்பிடுவாரு. போட்டா, தவுக்கே வாங்கிட்டுப் போய் ஒரு வாரத்துல கண்டுபிடிச்சு உன்னை அனுப்பிடுவான். ஒரு வாரம் லாபம்டா, போடு" என்றார். கேலி செய்தாரா, யோசனை சொன்னாரா, தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் எண்ணெயைத் தொட்டுப் போட்டு, பழைய வேட்டித் துணியால் மேலாக ஒற்றியெடுத்தேன். பூச்சின் மேலிருந்த எண்ணெய் வந்துவிட்டது. கீறலுக்குள் போனது அங்கேயே நின்றது. கோடு காணாமல் போயிற்று. கறுப்பு முன்னைவிடக் கறுப்பாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தவுக்கே குளுவாங்கில் ஏதோ வேலையை முடித்துக்கொண்டு அங்கிருந்து வாடகை வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கால்சட்டை, மெலிந்த ஆள். ஜொகூர் பாருவில் அவருக்கு மளிகை மொத்தக் கடை. துரையோடும் என்னோடும் மலாயில் பேசினார். காரைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். குனிந்து தன் பல்லைப் பார்த்துக்கொண்டார். "பாகுஸ்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரி லயத்து முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"ஓட்டிக் காட்டு. ரயில் பாதை வரைக்கும் போய் வரலாம்" என்றார் தவுக்கே.

அவர் எனக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தார். துரை பின்னால். சாலைக்கு ஏறியபோதுதான் பார்த்தேன், முன்னால் லாரி போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதல் கூட்டத்தை ரயிலேற்றும் நாள். லாரியில் தகரப் பெட்டிகள், பாய் மூட்டைகள், அவற்றின் மேல் ஜனங்கள். கடைசியில், எங்களைப் பார்த்தபடி, அக்கா தன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

அது இரண்டு வண்டி ஒதுங்க முடியாத சாலை. முந்த இடமில்லை. மெதுவாகப் போய் விலகலாம் என்று வேகத்தைக் குறைத்தால், "ஏன் இப்படி ஓட்டுகிறாய்? வண்டி இழுக்காதா?" என்கிறார் தவுக்கே. லாரி கிளப்பிய செம்மண் முழுக்க எங்கள் மேல் வந்தது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் சிவப்பு. அதற்குள்ளே அக்கா தெரிந்தாள், மறைந்தாள், தெரிந்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூடியையும் பார்க்க வேண்டியிருந்தது, அவளையும் பார்க்க வேண்டியிருந்தது.

மூடியில் அது மெல்ல மெல்ல எழுந்தது. எண்ணெய் நின்ற இடத்தில் மட்டும் தூசி ஒட்டி ஒட்டி, முதலில் ஒரு கோடு, பிறகு மூன்றும். நெற்றியில் விபூதிக்குப் பதிலாகச் செம்மண்ணைப் பூசிய மாதிரி மூன்று சிவப்புப் பட்டை. மற்ற இடத்துத் தூசி காற்றில் பறந்து போய்க்கொண்டிருந்தது. அந்த மூன்றும் நகரவில்லை.

தவுக்கே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். பெரிய சாலை சேருகிற இடத்துக்குச் சற்று முன்னால் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். லாரி வளைந்து ஸ்டேஷன் பக்கம் போய்விட்டது.

இறங்கினார். ஒரு கோட்டில் விரலை வைத்து இழுத்தார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். முகர்ந்தார்.

"மினியாக் கெலாபா" என்றார். தேங்காயெண்ணெய்.

துரை, "தூசி, வெறும் தூசி" என்றார்.

தவுக்கே அவரைப் பார்க்காமல் என்னைக் கேட்டார். "யார் போட்டது?"

"நான்தான், தவுக்கே."

"யார் போடச் சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன். துரை ரயில் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"எண்ணெய்க்குக் கீழே என்ன?" என்றார் தவுக்கே.

அதற்குச் சொன்னேன். என் வீட்டுக்காரி சாமி கும்பிட்டாள், அழிக்கிற அவசரத்தில் தேய்த்துவிட்டாள், வயிற்றில் பிள்ளை, கப்பலுக்குப் பயம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "செம்பாயாங்கா?" என்று கேட்டார். ஆமாம், கும்பிடத்தான் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "காரைக் கும்பிட்டுக் காரைக் கெடுத்தாளா, அலமாக்" என்று வியந்து தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு துரையோடு பேரம். அது நீளமாக நடக்கவில்லை. கார் அங்கேயே நிற்கட்டும், நான் நடந்தே ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றார் தவுக்கே. துரை விலையை இறக்கினார். இன்னும் இறக்கினார். கடைசியில் சரி என்று சொன்னபோது அவர் குரல் எனக்குப் பழக்கமான குரலாக இல்லை. பெரட்டில் பெயர் படிக்கக் கேட்ட ஆட்களின் குரல் மாதிரி இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பினோம். காசு கை மாறியது. தவுக்கே என்னைப் பார்த்து, "இப்போதே புறப்படு" என்றார்.

நான் நம்பாமல் நின்றேன்.

"நீ சொன்னதைச் செய்கிறவன். சொன்னவன் பேரைச் சொல்லாதவன். கடைக்காரனுக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும்" என்றார்.

அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வதா, வேறு எதுவோ என்று எடுத்துக்கொள்வதா என்று இத்தனை வருஷமாகப் புரட்டிப் பார்க்கிறேன். அவரிடம் வேலை பார்த்த காலத்தில் அந்த வார்த்தைக்கு ஏற்றபடி வாயை மூடிக்கொண்டு நான் ஓட்டிய சவாரிகளும் உண்டு. அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"படுக்கக் கொட்டகையில் இடம் இருக்கிறது. ஒரு ஆளுக்கு" என்றார்.

"ஒரு ஆளா, தவுக்கே?"

"டிரைவர் எத்தனை பேர்?"

நான் கையை மார்பில் கட்டிக்கொண்டேன். "அவளை இங்க விட்டுட்டு வந்தா, எனக்கு வேலை போன அன்னைக்கே அவ லயத்தக் காலி பண்ணணும். அடுத்த லாரியில ஏத்திடுவாங்க. அவ வரலேன்னா நானும் வரல. கார நீங்களே ஓட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மலாய் பாதி, தமிழ் பாதி. சொன்ன பிறகு பயம் வந்தது.

தவுக்கே லயத்து முனையைப் பார்த்தார். அவள் அங்கேயே நின்றிருந்தாள். வயிறு அங்கிருந்தே தெரிந்தது.

"அவளுக்குக் காரில் கை வைக்காமல் உட்காரத் தெரியுமா?" என்றார்.

நீயும் வா என்று நான் கூப்பிட்டுச் சொன்னதும் அவள் ஓடிவரப் பார்த்தாள், முடியவில்லை. எங்கள் வீட்டில் எடுக்க அதிகம் இல்லை. ஒரு பெட்டி, இரண்டு பானை, ஒரு மூட்டை. லயத்து ஜனங்கள் வெளியே வந்து நின்றார்கள். யாரும் வாழ்த்தவில்லை, யாரும் வையவும் இல்லை. அடுத்த லாரி அவர்களுக்கு. ஒரு கிழவர் மட்டும், "கதவ நல்லாச் சாத்திக்கம்மா, விழுந்துடப் போற" என்றார்.

பின் இருக்கையில் அவள் முதுகைச் சாய்க்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதும் எதையும் பிடிக்கவில்லை. "புடிச்சுக்க புள்ள" என்றேன். கேட்கவில்லை.

பாதி வழியில் லாரி காலியாக எதிரே வந்தது. இரண்டில் ஒன்று ஒதுங்க வேண்டும். அண்ணன் ஓரத்து வாய்க்கால் விளிம்புவரை இறக்கி நிறுத்தி, எங்களைப் பார்த்ததும் தலையை வெளியே நீட்டினார். பக்கத்தில் தவுக்கே, பின்னால் அவள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"என்னா தங்கச்சி, பின்னால உக்காந்துட்ட? துரைசானி ஆயிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிப் பக்கம் குனிந்து, கையை மட்டும் வெளியே எடுக்காமல், "அக்கா ஏறிட்டாங்களாண்ணே?" என்றாள்.

"ஏறிடுச்சு."

"எதுவும் சொன்னாங்களா?"

அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். செம்மண் இழுபட்டது. "வேற என்ன சொல்லும்? ஸ்டேஷன்ல இறங்கினதுலேருந்து ஒரே கேள்விதான். காரு வித்துச்சா, காரு வித்துச்சான்னு. ரயில் நகந்தப்பவும் சன்னல்ல தலைய விட்டுக் கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வித்துடுச்சு, ரெண்டு பேரும் போறாங்கன்னு சொன்னேன். எனக்கு என்ன தெரியும் அப்ப? சும்மா அடிச்சு விட்டேன். போகட்டுமேன்னு."

தவுக்கே, "ஜாலான், ஜாலான்" என்று முன்னால் கை காட்டினார். நான் வண்டியை எடுத்தேன்.

கார்த்திகையில், ஜொகூர் பாருவில் தவுக்கேயின் கடைக்குப் பின்கட்டில் எங்களுக்கு மகள் பிறந்தாள். நல்லபடியாகப் பிறந்தாள். சேதியை அக்காவுக்கு எழுதச் சொல்லி வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். எழுத எனக்குத் தெரியும். அக்கா எந்த ஊர் என்று நாங்கள் இரண்டு பேருமே ஒரு நாளும் கேட்டதில்லை.